மண்ணுக்குச் சீனி கொடுத்தால் என்ன நடக்கிறது? ஐந்து போத்தல்களில் பார்க்கலாம்

2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் செடி வளர்த்த எல்லோரும் ஏதோ ஒரு கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தோம். சாணம் கிடைத்தவர் சாணத்தில், கிடைக்காதவர் மீன் கழிவில். எல்லாவற்றிலும் இனிப்பு மட்டும் பொதுவாக இருந்தது: பனங்கட்டி, கித்துள் சர்க்கரை, அதுவும் இல்லாவிட்டால் கடைச் சீனி. நான் சாணமும் இல்லாமல், மீனும் இல்லாமல், வெறும் சர்க்கரைத் தண்ணீரை நாலு மிளகாய்ச் சாடிகளுக்கு ஊற்றினேன். பத்து நாளில் கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன. ஊற்றாத சாடிகள் பச்சையாகவே நின்றன.

காரணம் பிறகுதான் புரிந்தது. நாம் ஊற்றும் இனிப்பில் செடிக்குப் போவது மிகக் குறைவு. மண்ணிலிருக்கும் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு வேகமாகப் பிடிக்கின்றன, எந்த இனிப்பை முதலில் பிடிக்கின்றன, பிடித்தபின் மண்ணிலிருந்து வேறு எதை எடுத்துக்கொள்கின்றன என்று தெரிந்தால் கரைசலைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற மாட்டோம். ஆய்வுகூடம் இல்லாமல், சமையலறை மேசையில் இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு வாரம் போதும்.

தேவையானவை

ஒரே அளவான, மூடி இறுகப் பொருந்தும் ஐந்து கண்ணாடிப் போத்தல்கள். ஜாம் அல்லது ஊறுகாய் வந்த பெரிய போத்தல்கள், ஒரு லிட்டர் அளவில் இருந்தால் நல்லது. அவற்றுக்குள் போகக்கூடிய ஐந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். வெற்றிலைக் கடையில் விற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு கொஞ்சம். சீனி, அரிசி மா, நர்சரியில் கிடைக்கும் தும்புத்தூள். மா அரிக்கும் அரிதட்டில் பழையது ஒன்று. கறுப்புக் கடதாசி ஒரு தாள்.

மண்ணை உங்கள் பூச்சாடியிலிருந்தே எடுங்கள். கான் ஓரத்து மண்ணைத் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் நம் நகரத்தில் உண்மையான ஆபத்து. கையில் வெட்டுக்காயம் இருப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா இலங்கை மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிறது, காயத்தின் வழியாக உடலுக்குள் நுழையக்கூடியது. சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் கடுமையாக எரிக்கும், ஆகவே பிள்ளைகளோடு செய்தால் சுண்ணாம்பு வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள்.

மண்ணைப் பழக்குதல்

பலரும் தாண்டிப் போகிற படி இது. தாண்டினால் பரிசோதனையே கெட்டுவிடும். காய்ந்து கிடந்த மண்ணை நனைத்த உடனே, ஒன்றும் கொடுக்காமலேயே, அதிலிருந்து காபனீரொட்சைட்டு குபீரென்று வெளியேறும். மண் காய்ந்தபோது இறந்த நுண்ணங்கிகளின் சத்தும், மண்துகள்களுக்குள் அடைபட்டிருந்த சேதனப் பொருளும் ஒரேயடியாகக் கரைந்துவருவதே அதற்குக் காரணம். 1950களில் கிழக்கு ஆபிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்த பேர்ச் என்பவரின் பெயராலேயே இதைப் பேர்ச் விளைவு என்கிறார்கள். கொழும்பில் சில வாரம் வெயிலடித்து ஒரு மழை பெய்யும்போது ஒவ்வொரு முற்றத்திலும் இது நடக்கிறது.

எனவே மண்ணை அரித்து, வேர்த்துண்டு, மண்புழு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் (புழுவும் சுவாசிக்கும், அது கணக்கைக் குழப்பும்). தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கைப்பிடியில் அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் ஒரு பாத்திரத்தில் போட்டு, ஈரத்துணியால் மூடி, மூன்று நாள் நிழலில் வையுங்கள். நம் ஊர் வெப்பம், ஏறக்குறைய 27, 28 பாகை, மண் நுண்ணங்கிகளுக்கு மிகவும் பிடித்த வெப்பம். தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு நீர்

ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் மெதுவாக வேறு போத்தலுக்கு மாற்றி உடனே மூடிவிடுங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் இன்னொரு இரவு வையுங்கள், அவசரம் வேண்டாம்.

காபனீரொட்சைட்டு இந்த நீரைத் தொட்டால் கல்சியம் காபனேற்று உண்டாகி, வெள்ளையாகப் படியும். அசையாத நீரில் முதலில் மேற்பரப்பில் மெல்லிய ஆடை போலத் தெரியும். அந்த ஆடைதான் நமக்கு அளவுகோல். இதற்கு ஒரு வரம்பு உண்டு: 50 மில்லிலிட்டர் சுண்ணாம்பு நீர் பிடிக்கக்கூடிய காபனீரொட்சைட்டு 50 மில்லிகிராமுக்குக் கிட்டத்தான். ஒரு கிராம் சீனி முழுவதும் எரிந்தால் ஒன்றரைக் கிராம் வரும். ஆக, மறுநாள் வந்து பார்த்தால் எல்லாக் கிண்ணமும் வெள்ளையாகவே இருக்கக்கூடும். முதல் சில மணித்தியாலங்களில் எது முந்துகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

போத்தல்களை அடுக்குதல்

காலையில் தொடங்குங்கள். முதல் போத்தலில் மண்ணே வேண்டாம். காற்றும் சுண்ணாம்பு நீரும் மட்டும். மற்ற நான்கிலும் 100 கிராம் ஈரமண். ஒன்றை அப்படியே விடுங்கள். அடுத்ததில் கால் தேக்கரண்டி சீனி, அதாவது ஒரு கிராம். அதற்கடுத்ததில் அதே எடை அரிசி மா. கடைசியில் அதே எடை தும்புத்தூள். சீனியை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றினால், மற்ற மூன்று மண்ணுக்கும் அதே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். நன்றாகக் கலந்து, நடுவில் கிண்ணத்தை வைத்து, சுண்ணாம்பு நீரை ஊற்றி மூடுங்கள். கிண்ணத்துக்கு அடியில் கறுப்புக் கடதாசித் துண்டு வைத்தால் வெள்ளை தெளிவாகத் தெரியும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள். திறக்காமல் பாருங்கள்.

என் மேசையில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சீனிப் போத்தலில் ஆடை படிந்துவிட்டது. வெறும் மண் பின்னேரம்தான் மெல்ல மங்கத் தொடங்கியது. அரிசி மா முதலில் வெறும் மண்ணோடுதான் நின்றது. இரவில் முந்தியது, கிண்ணத்தைப் புதிதாக நிரப்பி வைத்த இரண்டாம் நாள் சீனிக்கு ஈடாக வந்தது. தும்புத்தூள் வாரம் முழுவதும் வெறும் மண்ணைவிட்டு விலகவில்லை. உங்கள் மண்ணில் நேரங்கள் மாறலாம், வரிசை பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

வரிசை ஏன் இப்படி?

பற்றீரியாவுக்கு வாய் இல்லை. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வின் வழியாகச் சின்ன மூலக்கூறுகள் மட்டுமே உள்ளே போக முடியும். சீனி, அதாவது சுக்குரோசு, ஒரு குளுக்கோசும் ஒரு பிரற்றோசும் சேர்ந்த சின்ன மூலக்கூறு. தண்ணீரில் கரைந்து வாசலுக்கே வந்துவிடுகிறது. அரிசி மாவிலுள்ள மாப்பொருளில் ஆயிரக்கணக்கான குளுக்கோசுகள் கோத்திருக்கின்றன. அது உள்ளே நுழையாது. பசிலசு போன்ற பற்றீரியாக்கள் அமிலேசு என்ற நொதியத்தைத் தயாரித்து வெளியே சுரந்து, சங்கிலியைக் கலத்துக்கு வெளியிலேயே வெட்டி, பிறகு துண்டுகளை எடுத்துக்கொள்கின்றன. சமையலைத் தெருவிலே வைத்துச் செய்வது மாதிரி. அதற்கு நேரம் பிடிக்கும், வெட்டிய துண்டை அயலிலுள்ளவர்களும் எடுத்துப் போவார்கள். தும்பில் செலுலோசும், அதைச் சுற்றி, மரத்துக்குக் கடினம் தரும் இலிக்னினும் இறுகிக் கிடக்கின்றன. அதை உடைக்க மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். சாடியில் தும்பு ஏன் வருடக்கணக்கில் தும்பாகவே இருக்கிறது என்று யோசித்திருப்பீர்கள், அதே காரணம்தான்.

விரும்பினால் அரிசி மாவைத் தனியாகவும் பார்க்கலாம். ஐதான கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை மண் போட்டு மூடிவைத்து, தினமும் ஒரு கரண்டி எடுத்து, பார்மசியில் வாங்கும் அயடீன் மருந்தை ஒரு துளி விடுங்கள். முதல் நாள் கருநீலம் வரும். மாப்பொருள் வெட்டுப்பட வெட்டுப்பட நீலம் மங்கி, கடைசியில் அயடீனின் மஞ்சள்கபிலம் மட்டும் மிஞ்சும். மண் போடாத கஞ்சி ஒன்றையும் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நடப்பது

சீனி வாசலுக்கு வந்துவிட்டது, சரி. உள்ளே எப்படிப் போகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மண்ணில் கரைந்திருக்கும் இனிப்பு சாதாரணமாக மிகக் குறைவு. கலத்துக்குள்ளே அதைவிட அதிகம் சேர்க்க வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை, ஆகவே சக்தி செலவாகும். வெவ்வேறு பற்றீரியாக்கள் அந்தச் செலவை வெவ்வேறு விதமாகச் செய்கின்றன.

பசிலசு சப்டிலிசு மண்ணில் எங்கும் இருக்கும் ஒன்று. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் வைத்து உள்ளே அனுப்புவார்களே, அதுபோல அது குளுக்கோசு உள்ளே நுழையும் அதே கணத்தில் அதன்மேல் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடுகிறது. பொசுபேற்று ஏறிய குளுக்கோசுக்கு மின்னேற்றம் உண்டு, மென்சவ்வைத் தாண்டித் திரும்பி வெளியே போக அதனால் முடியாது. அதோடு, எரிப்பதற்கு எப்படியும் செய்தாக வேண்டிய முதல் வேலையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த முறையை 1964இல் சோல் ரோஸ்மன் என்ற ஆய்வாளரின் குழு, குடலில் வாழும் எஷரிக்கியா கோலை என்ற பற்றீரியாவில் கண்டுபிடித்தது. வேறு பல பற்றீரியாக்கள் இனிப்பைப் பிடிக்கும் புரதம் ஒன்றை வெளியே நிறுத்தி, ஏரிபி என்ற சக்தி நாணயத்தைச் செலவழித்து உள்ளே இழுக்கின்றன. இன்னும் சில, ஐதரசன் அயன் உள்ளே வரும் ஓட்டத்தோடு சேர்த்து இனிப்பையும் இழுத்துக்கொள்கின்றன.

சூடோமோனாசு பூட்டிடா என்ற இன்னொரு மண் பற்றீரியா செய்வது வேறொன்று. அதற்கு இரண்டு மென்சவ்வுகள். வெளிச் சவ்வின் துளை வழியாக வந்த குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும் வழியும் அதற்கு உண்டு. ஆனால் பெரும்பகுதியை இரண்டு சவ்வுக்கும் நடுவிலேயே ஒட்சியேற்றி, குளுக்கோனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. இந்த அமிலம் வெளியே கசிந்தால், மண்ணில் கரையாமல் கிடக்கும் பொசுபேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். எப்பாவலையில் வெட்டியெடுக்கும் பாறைப் பொசுபேற்று மெதுவாகக் கரைவது. அதனாலேயே தென்னை, தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அதை இடுகிறார்கள். அந்த மெதுவான கரைதலுக்குக் கைகொடுப்பவற்றில் இந்த இனிப்பு அமிலமும் ஒன்று.

உள்ளே இரண்டு பாதைகள்

பள்ளிக்கூடத்தில் படித்த கிளைக்கோபகுப்பு நினைவிருக்கும்: ஒரு குளுக்கோசு இரண்டு பைருவேற்றாக உடைந்து, நிகரமாக இரண்டு ஏரிபி தரும். பசிலசு அந்தப் பாதையில் போகிறது. சூடோமோனாசுக்கு அந்தப் பாதையிலுள்ள ஒரு முக்கியமான நொதியம் இல்லை. அது 1952இல் என்ட்னர், டூடொரொஃப் இருவரும் விவரித்த வேறு பாதையில் குளுக்கோசை உடைக்கிறது. அதில் கிடைப்பது ஒரே ஒரு ஏரிபி. நட்டம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பாதைக்குத் தேவையான நொதியப் புரதம் குறைவு, கூடவே கலம் கட்டுவதற்கும் நச்சுகளைத் தாங்குவதற்கும் உதவும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறும் கிடைக்கிறது. ஒட்சிசன் இருக்கும்வரை பைருவேற்றை மேலும் எரித்து மிச்சச் சக்தியைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒட்சிசன் இருக்கும்வரை என்பதை உங்கள் போத்தலிலும் நினைவில் வையுங்கள். ஒரு கிராம் சீனி முழுவதுமாக எரிய நாலு லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். ஒரு லிட்டர் போத்தலில் அது இல்லை. தினமும் ஒரு தடவை திறந்து, ஒரு நிமிடம் விசிறிவிட்டு, புதிய சுண்ணாம்பு நீர் ஊற்றி மூடுங்கள். மறந்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் புளித்த வாடை வரும். காற்றில்லாமல் நொதித்தலுக்கு மாறிவிட்டன என்று அர்த்தம். காற்று இருந்தும் மெல்லிய புளிப்பு வாடை வந்தால் பயப்படாதீர்கள். குளுக்கோசு அளவுக்கு மீறிக் கிடைக்கும்போது பசிலசு பாதி எரித்த அசற்றேற்றை வெளியே தள்ளும். இனிப்பு தீர்ந்தபின் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

எதை முதலில்?

1941இல் ஜாக் மொனோ என்ற பிரெஞ்சு உயிரியலாளர், பற்றீரியாவுக்கு இரண்டு இனிப்புகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஒன்று தீரும்வரை மற்றதைத் தொடாமல் வளர்ந்தன, இடையில் சற்று நின்றன, பிறகு இரண்டாவதில் மறுபடி வளர்ந்தன. குளுக்கோசு இருக்கும்போது மற்ற இனிப்புகளுக்கான நொதியங்களைத் தயாரிப்பதே நிற்கிறது என்று பின்னால் தெரியவந்தது. பசிலசும் இப்படித்தான்.

ஆனால் மண்ணில் எல்லோரும் குளுக்கோசுப் பிரியர்கள் அல்ல. செடியின் வேர் இனிப்போடு மலிக் அமிலம், சக்சினிக் அமிலம் போன்றவற்றையும் கசியவிடுகிறது. சூடோமோனாசு அந்த அமிலங்களை முதலில் எடுத்துவிட்டு, குளுக்கோசைப் பிறகு பார்த்துக்கொள்கிறது. பயித்தங்கொடியின் வேர்முடிச்சுக்குள் நைதரசன் பிடித்துக்கொடுக்கும் ரைசோபியம் என்ற பற்றீரியாவுக்கும் செடி கொடுக்கும் சாப்பாடு சீனி அல்ல, இதே வகை அமிலங்கள்தான். முடிச்சு நிறைய வரட்டும் என்று பயிற்றைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுபவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தச் சர்க்கரை முடிச்சுக்குள் போய்ச் சேராது.

மிளகாய் ஏன் மஞ்சளானது?

இப்போது கணக்குக்கு வருவோம். பற்றீரியா எடுத்துக்கொண்ட இனிப்பில் ஏறக்குறைய பாதி காபனீரொட்சைட்டாகப் போகும், பாதி உடலாகும். பற்றீரியாவின் உடலில் ஐந்து பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் வேண்டும். ஒரு கிராம் சீனியில் 0.42 கிராம் காபன் உண்டு. அதில் பாதி உடலானால் 40 மில்லிகிராம் நைதரசன் தேவை. சீனியில் நைதரசன் துளியும் இல்லை, ஆகவே மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். 100 கிராம் சாதாரண மண்ணில் உடனே எடுக்கக்கூடிய நைதரசன் சில மில்லிகிராம்கள்தான். இந்தப் போட்டியில் வேர் தோற்றுப்போகும். என் மிளகாய்ச் சாடிகளில் நடந்தது இதுதான்.

அந்த நைதரசன் தொலைந்துபோவதில்லை. பற்றீரியாக்கள் இறந்து, அவற்றை மண்ணிலுள்ள அமீபாக்களும் நுண்புழுக்களும் தின்று, சில வாரங்களில் மறுபடி மண்ணுக்கு வரும். இளஞ்செடிக்குத்தான் அந்த வாரங்கள் கடினம்.

இதைப் போத்தலில் நிரூபிக்க யூரியா சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். யூரியா உடையும்போது அதுவே காபனீரொட்சைட்டை விடும், எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதற்குப் பதில் இரண்டு சின்னச் சாடிகளில் தண்டுக்கீரை விதையுங்கள். இரண்டுக்கும் ஒரே மண். நாற்று விரலளவு வந்ததும் ஒன்றுக்கு மட்டும், ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி சீனி என்ற கணக்கில் கரைத்து ஊற்றுங்கள். இரண்டு வாரம் இலை நிறத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

அவித்த மண் என்ற பொறி

ஆர்வமுள்ளவர்கள் அடுத்து, “மண்ணை அவித்துவிட்டால் ஒன்றும் நடக்காதுதானே” என்று கேட்பார்கள். செய்து பாருங்கள், நல்ல கேள்விதான். அவித்து ஆறிய மண்ணில் சீனி போட்டால் முதல் சில மணித்தியாலம் அமைதியாக இருக்கும். பிறகு அதுவும் ஆடை போடத் தொடங்கும். பசிலசு கடினகாலத்தில் வித்தியாக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் நிலைக்கு, மாறும். 100 பாகைக் கொதிநீரையும் அந்த வித்தி தாங்கும். சூடு தணிந்து, சாப்பாடும் வந்தால் முளைத்துவிடும். மூன்று நாள் அடுத்தடுத்து அவித்தால், நடுவில் முளைத்தவை ஒவ்வொரு தடவையும் சாகும். அப்போது நீண்டநேர அமைதி கிடைக்கும்.

இந்தப் பரிசோதனை பற்றீரியாவையும் பூஞ்சணத்தையும் பிரித்துக் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனியை இரண்டுமே எடுக்கின்றன. நாலைந்து நாளில் மண்மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் அது பூஞ்சணம். அந்தப் போத்தலை முகர வேண்டாம், வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

இனிச் சாடிக்கு

கரைசல் ஊற்றத்தான் வேண்டும் என்றால், இனிப்பைத் தனியாகக் கொடுக்காதீர்கள். 50 கிராம் சர்க்கரை மண்ணில் இரண்டு கிராம் நைதரசன் வரை கட்டிப்போடக்கூடும். அதை ஈடுசெய்யச் சாணமோ, மீன் கழிவோ, சீமைக்கிளுவை இலையோ கூடவே இருக்க வேண்டும். கரைசலை ஒரு வாரமாவது புளிக்கவிட்டு ஊற்றுங்கள். இனிப்பின் பெரும்பகுதி வாளிக்குள்ளேயே தீர்ந்துவிடும், போட்டி சாடிக்குள் நடக்காது. வாளியை நுளம்பு புகாதபடி துணியால் இறுகக் கட்டுங்கள், டெங்கு காலத்தில் மேல்தளத்தில் திறந்த வாளி இருக்கக்கூடாது. நாற்றுகளுக்கு ஊற்றவே வேண்டாம். நன்றாக மக்கிய கூட்டெரு கையில் இருந்தால் நான் கரைசலையே விட்டுவிடுவேன்.

போத்தல் மண்ணைத் திரும்பச் சாடியில் கொட்டலாம், ஆனால் சீனி போட்ட மண்ணைக் கீரைச் சாடிக்கு வேண்டாம். வளர்ந்த கறிவேப்பிலையின் அடியில் போடுங்கள். மீந்த சுண்ணாம்பு நீரைத் தண்ணீர் நிறையச் சேர்த்துக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடலாம். கிண்ணத்தில் ஒட்டிய வெள்ளைப் படிவு சவர்க்காரத்துக்குப் போகாது, தேசிக்காய்த் துண்டால் தேயுங்கள். குமிழி விட்டுக் கரையும். அந்தக் குமிழிக்குள் இருப்பது உங்கள் மண் ஒரு வாரமாக வெளியே விட்ட அதே காபனீரொட்சைட்டுத்தான்.